தட்டுவது இங்கே, திறப்பது அங்கே: மந்திர எஸ்கேப் ரூமுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

எஸ்கேப் ரூம் என்பது ஒரு மணி நேரப் புதிர் ஆட்டம். ஓர் அறைக்குள் போவீர்கள், சுவரில் 60 நிமிடக் கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கும். அறையில் ஒளித்து வைத்திருக்கும் துப்புகளைத் தேடி, ஒன்றோடொன்று பொருத்தி, பூட்டுகளைத் திறந்து வெளியே வரவேண்டும். இப்போது உலகம் முழுக்க ஆடப்படும் இந்த வடிவம் 2007இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஸ்க்ராப் என்ற நிறுவனத்தின் தகாவோ காதோ நடத்திய ஆட்டங்களில் தொடங்கியது. 2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் இதற்கென்றே நிரந்தர அறைகள் வந்தன. கைவிலங்கிலிருந்தும் பூட்டிய பெட்டியிலிருந்தும் தப்பிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஹூடினி 1874இல் பிறந்ததும் அதே புடாபெஸ்டில்தான்.

திருட்டு, சிறை, துப்பறிதல் என்று பல கதைகளில் அறைகள் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மந்திரக் கதை அறைதான் பொருத்தம். ஆனால் மற்ற அறைகளில் ஆடிப் பழகியவர்கள்கூட இங்கே திணறுவார்கள். சாதாரண அறையில் எண்ணைச் சுழற்றினால் அந்தப் பூட்டே திறக்கும். மந்திர அறையில் மந்திரக்கோலை ஒரு புத்தகத்தின் மேல் தட்டினால், உங்கள் முதுகுக்குப் பின்னால் எதிர்ச்சுவரில் ஓர் இழுப்பறை சத்தமில்லாமல் விடுபடும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் பத்து நிமிடம் போச்சு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

மந்திர அறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சூனியக்காரரின் ஆய்வுக்கூடம் அல்லது மந்திரப் பள்ளி: கோல், மாய மருந்துக் குப்பிகள், தூசி படிந்த புத்தகங்கள். மற்றொன்று மேடை மந்திரவாதியின் அறை: சீட்டுக்கட்டு, கண்ணாடி, அடியில் ரகசியத் தட்டு வைத்த பெட்டி, சில இடங்களில் கைவிலங்கு. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முதலாவது. பதின்வயதினர் இருந்தால் இரண்டாவது சுவையாக இருக்கும். “மந்திரம்” என்ற பெயரில் பேய்க் கதையை விற்கும் இடங்களும் உண்டு. ஆகவே போனில் நேராகவே கேளுங்கள்: உள்ளே வேஷம் போட்ட ஆள் வருவாரா? திடீரென்று அலறும் சத்தம் இருக்கிறதா? முழு இருட்டு எவ்வளவு நேரம்?

அடுத்து மூச்சும் முழங்காலும். புகை எந்திரம் போடுகிறார்களா என்று கேளுங்கள், ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு அது ஆகாது. வெட்டி வெட்டி மின்னும் விளக்கு இருந்தால் வலிப்பு உள்ளவர்கள் போகக்கூடாது. மந்திர அறைகளில் அலமாரிக்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போவது, அடுப்புப் பொந்து வழியாகத் தவழ்வது எல்லாம் வழக்கம். தாத்தா பாட்டிக்குப் பக்கத்திலேயே வேறு வாசல் திறந்துவிடுவார்களா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் ஆட்டத்தின் நடுவில்தான் தெரியும்.

துப்புகள் எந்த மொழியில் இருக்கின்றன என்பதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். சென்னையிலேயே பல அறைகளில் எழுத்துகள் எல்லாம் ஆங்கிலம்தான். அதிலும் பழைய காலத்துச் சுழித்த எழுத்து. ஆங்கிலம் சரளமாக வாசிக்க ஒருவராவது குழுவில் வேண்டும். நிறத்தை வைத்து மருந்து கலக்கும் புதிர் அநேகமாக எல்லா மந்திர அறையிலும் உண்டு. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர் வீட்டில் இருந்தால் அந்த வேலையை அவரிடம் தராதீர்கள்.

ஆள் எண்ணிக்கை நான்கு அல்லது ஐந்து. ஆறு பேர் வரை அனுமதித்தாலும் ஆறாவது ஆள் சுவரில் சாய்ந்து நிற்பார். எட்டுப் பேர் இருந்தால் இரண்டு அணியாகப் பிரியுங்கள். பிள்ளைகள் ஓர் அணி, பெரியவர்கள் ஓர் அணி என்று மட்டும் பிரிக்காதீர்கள். இரண்டு அணியிலும் கலந்து இருக்கட்டும். இடம் மீதமிருந்தால் தெரியாதவர்களை உங்கள் ஸ்லாட்டில் சேர்ப்பார்களா என்றும் கேளுங்கள். சேர்ப்பார்கள் என்றால், கூட்டமில்லாத வார நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

காலை ஸ்லாட்தான் குழந்தைகளுக்கு ஏற்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிக்குப் பதிவு செய்துவிட்டு, இருட்டறையில் ஆறு வயதுப் பிள்ளை கொட்டாவி விடுகிறதே என்று வருந்திப் பயனில்லை. ஆட்டம் ஒரு மணி நேரம்தான், ஆனால் முன்விளக்கம், போட்டோ எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். 15 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். அடுத்த ஸ்லாட்டுக்கு ஆள் காத்திருந்தால், நீங்கள் தாமதித்த நேரம் உங்கள் கணக்கில்தான் கழியும்.

கரண்ட் போனால் கதவு திறக்குமா?

இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாடப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் அந்நாட்டில் அறைகளைச் சோதனையிட்டுப் பலவற்றை மூடினார்கள். விளையாட்டுக்குத்தான் பூட்டுகிறார்கள், நிஜமாகப் பூட்டக்கூடாது.

பெரும்பாலான அறைக் கதவுகளில் இருப்பது மின்காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடும்வரை கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும், நின்றால் விட்டுவிடும். ஆனால் அந்தப் பூட்டை யுபிஎஸ்ஸில் இணைத்திருந்தால், கரண்ட் போனாலும் பேட்டரி தீரும்வரை கதவு பிடித்தபடியே இருக்கும். ஆகவே கதவருகே அவசரப் பொத்தான் இருக்கிறதா, அதை அழுத்தினால் பூட்டுக்குப் போகும் மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். உள்ளே போன உடனே ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் கேட்காமலே காட்டுவார்கள். சாவி வெளியே ஆள் கையில் இருக்கிறது, தேவைப்பட்டால் வந்து திறப்போம் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது உள்ளறைகளுக்கும் இதே கேள்விதான். கைவிலங்கோடு ஆரம்பிக்கும் ஆட்டம் என்றால், சாவி இல்லாமல் விடுவிக்கும் நெம்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு எதுவானாலும் விலங்கு வேண்டாம்.

கிளம்பும் முன்

வாசிப்புக் கண்ணாடி. மறந்துபோகும் பொருள் இதுதான். மந்திர அறை மெழுகுவத்தி வெளிச்சம் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் அந்த வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் ஒரு வரிகூட வாசிக்க முடியாது. குனிந்து தவழ ஏதுவான உடை போடுங்கள், தரையைப் பெருக்கும் துப்பட்டாவும் பாவாடையும் வேண்டாம். வெள்ளைச் சட்டை போட்டால், மறைந்த எழுத்தைக் காட்ட வைக்கும் யுவி (புற ஊதா) விளக்கில் நீலமாக ஒளிரும், சலவைத் தூளில் இருக்கும் வெண்மையூட்டிதான் காரணம். பிள்ளைகள் துப்பை விட்டுவிட்டு அப்பாவின் சட்டையையே வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே போகும் முன் எல்லோரும் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள்.

வீட்டில் ஒரு சின்னப் பயிற்சி செய்யலாம். சூட்கேஸுக்குப் போடும் மூன்று அல்லது நான்கு இலக்க நம்பர் பூட்டு ஒன்றை எடுத்து, பிள்ளைகளிடம் எண்ணைச் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள். எண்கள் பூட்டின் நடுக்கோட்டுக்கு நேராக வரவேண்டும், ஓரத்தில் இருக்கும் முனைக்கு நேராக அல்ல. இது ஒன்று பிசகித்தான் சரியான எண் தெரிந்தும் பல குடும்பங்கள் தவிக்கின்றன. அறைகளில் மேல், கீழ், இடம், வலம் என்று நகர்த்தும் திசைப் பூட்டும் வரும். அதில் ஒருமுறை தப்பாக நகர்த்திவிட்டால் பழைய நகர்வுகள் உள்ளே தங்கிவிடும். மேலே இருக்கும் வளைகம்பியை இரண்டு முறை உள்ளே அழுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம்: யோசிக்காதீர்கள், தேடுங்கள்

ஆட்டத்தை நடத்துபவரைக் கேம் மாஸ்டர் என்பார்கள். கேமரா வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் தரும் முன்விளக்கத்தில் எதைத் தொடக்கூடாது என்று சொல்லும் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். கூரை, பிளக் பாயின்ட், ஸ்டிக்கர் ஒட்டிய பொருள்கள் ஆட்டத்தில் சேராது. எதையும் பலமாக இழுக்கத் தேவையில்லை. இரண்டு விரலால் நகராதது, இப்போதைக்கு நகரக்கூடாதது என்று அர்த்தம்.

கடிகாரம் ஓடத் தொடங்கியதும் ஆளுக்கொரு சுவர் எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பறையின் உள்ளே மட்டுமல்ல, அதன் அடிப்பக்கமும். தொங்கும் அங்கியின் பைகள், தொப்பியின் உள்விளிம்பு, மேசைவிரிப்பின் கீழ், படச் சட்டத்தின் பின்புறம், புத்தகங்களுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி. உயரமானவர்கள் மேலே பார்க்கட்டும், பிள்ளைகள் கீழே பார்க்கட்டும். முழங்கால் உயரத்தில் இருப்பது பெரியவர்கள் கண்ணில் படவே படாது.

கண்டெடுத்ததை உரக்கச் சொல்லுங்கள்: “மூணு காலிக் குப்பி”, “நட்சத்திரம் போட்ட சீட்டு.” எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்புங்கள். இன்னொரு மூலையை முடிந்துபோன பொருள்களுக்கு என்று ஒதுக்குங்கள். திறந்த பூட்டிலேயே சாவியை விட்டுவிடுங்கள், ஒரு சாவியோ எண்ணோ பொதுவாக ஒரு தடவைதான் பயன்படும். பல குடும்பங்கள் தோற்பதற்குக் காரணமான சீட்டு, கடைசியில் யாரோ ஒருவரின் கையிலேயே மடித்தபடி இருந்திருக்கும். பெரும்பாலும் அப்பாவின் கையில்.

மந்திரம் எப்படி வேலை செய்கிறது

பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டாம். கூடப் போகும் பெரியவர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சரியான விடையைத் தப்பான விதத்தில் செய்துவிட்டு “இது இல்லை போல” என்று கைவிடுவதுதான் இந்த அறைகளில் அதிகம் நடப்பது.

மந்திரக்கோலின் நுனியில் பெரும்பாலும் இருப்பது ஒரு சின்னக் காந்தம் அல்லது ஆர்எஃப்ஐடி சில்லு, மெட்ரோ பயண அட்டையில் இருக்கிறதே, அந்த மாதிரி. அதைப் படிக்கும் கருவி மேசைப் பலகைக்கு அடியிலோ புத்தக அட்டைக்குள்ளோ இருக்கும். சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் வேலை செய்யும். வீசுவதால் ஒன்றும் நடக்காது. மெட்ரோ வாசலில் அட்டையை வைப்பது போல, நுனியை அந்த இடத்தில் வைத்து மூன்று நொடி அசையாமல் பிடியுங்கள். நடக்கவில்லையா? ஒரு அங்குலம் தள்ளி இன்னொரு முறை. காற்றில் வடிவம் வரையச் சொல்லும் கோல் வேறு வகை. அதன் நுனியைக் கேமரா பின்தொடரும். தரையில் குறியிட்ட இடத்தில் நின்று, ஒரு நொடி அசையாமல் இருந்துவிட்டு, கோலத்தில் பெரிய வளைவு இழுப்பது போல நிதானமாக வரையுங்கள். மற்றவர்கள் நடுவில் குறுக்கே வரக்கூடாது.

மாய மருந்துக் குப்பிகள் அடியில் சில்லோடோ, குறிப்பிட்ட எடையோடோ இருக்கும். வரிசை முக்கியம். முதல் குப்பியை வைத்து, விளக்கோ சத்தமோ வந்தபின் அடுத்தது. நடுவில் ஒன்று தப்பினால் அதை மட்டும் மாற்றுவது போதாது. பல அமைப்புகள் வரிசையை நினைவில் வைத்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஐந்து நொடி விட்டு, முதலிலிருந்து வையுங்கள். உள்ளே இருக்கும் திரவத்தைக் குடிக்கச் சொல்லும் புதிர் எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மந்திரத்தை உச்சரிக்கச் சொல்லும் இடம் வரும். குரலைக் கேட்டுத் தானாகத் திறக்கும் கருவி என்று நினைப்போம். பல இடங்களில் கேம் மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்து பொத்தானை அழுத்துகிறார், அவ்வளவுதான். எல்லோரும் சேர்ந்து உரக்க, தெளிவாகச் சொன்னால் போதும். உச்சரிப்புக்கு மார்க் கிடையாது.

கண்ணாடியில் உருவம் தோன்றி மறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பின்புறம் விளக்கு எரியும்போது மட்டும் உள்ளிருப்பது தெரியும் கண்ணாடி அது. அந்தரத்தில் மிதக்கும் உருவம் என்றால், சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டில் விழும் பிரதிபலிப்பு. லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் 1862இல் மேடையேற்றிக் காட்டிய உத்தி இன்றும் அப்படியே ஓடுகிறது. உருவத்தைப் பார்த்து வாய்பிளப்பதோடு நிற்காமல், அது கையால் எதைக் காட்டுகிறது, பின்னால் என்ன எண் தெரிகிறது என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலான ஓர் ஏற்பாடு: ஒருவரை “காது” ஆக நியமியுங்கள். கோலை வைக்கும்போதும், குப்பியை இறக்கும்போதும் மற்ற எல்லோரும் ஐந்து நொடி வாயை மூடவேண்டும். காந்தப் பூட்டு விடுபடும்போது “டிக்” என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது எந்தப் பக்கம் என்று சொல்வது காதின் வேலை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பதவி கொடுத்துப் பாருங்கள், பெரியவர்களைவிட நன்றாகச் செய்யும். சத்தமே வரவில்லை என்றால், அறையைச் சுற்றிவந்து முன்பு நகராத எல்லாவற்றையும் இரண்டு விரலால் மறுபடி தொட்டுப் பாருங்கள்.

யாருக்கு என்ன வேலை

குறியீட்டு எழுத்துகளை மாற்றி வாசிப்பது பதின்வயதினருக்கு. புரியாத எழுத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதைத் திறக்கும் அட்டவணை அறையிலேயே இருக்கும், வெளியிலிருந்து எந்த அறிவும் தேவையில்லை. மந்திரவாதிக் கதைகளைப் படித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் பாட்டிக்கு ஓர் இடம் காத்திருக்கிறது. மந்திர அறைகளில் சுவர் முழுக்க ராசிச் சின்னங்கள் இருக்கும். ஆடு, காளை, இரட்டையர், நண்டு, சிங்கம் என்று போகும் அந்த வரிசை நம் மேஷம், ரிஷபம், மிதுனம், கடகம், சிம்மம்தான். தேள் எத்தனையாவது என்று மற்றவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது, விருச்சிகம் எட்டு என்று பாட்டி சொல்லிவிடுவார். ஒரே எச்சரிக்கை: மகரத்துக்கு அங்கே மீன்வால் வைத்த ஆட்டை வரைவார்கள். பத்தாவது இடம்தான், மேஷத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கோள்களின் குறிகள் வந்தால் கிழமைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற அதே ஒழுங்கு அங்கும் விடையாக வரக்கூடும்.

மந்திரக்கோலுக்குச் சண்டை வரும். வராமல் இருக்காது. ஒரு புதிர் முடிந்ததும் கோல் கைமாறும் என்று உள்ளே போகும் முன்பே பேசிவைத்துவிடுங்கள். இன்னொரு விதி பெரியவர்களுக்கு: எதை யார் கண்டுபிடித்தாரோ, அவரே முதலில் முயலட்டும். விடை தெரிந்தாலும் ஒரு நிமிடம் பொறுங்கள். பிள்ளை கண்டெடுத்த சாவியைப் பிடுங்கிப் பெரியவர் திறந்தால், அந்தப் பிள்ளை அதன்பின் தேடாது.

மாட்டிக்கொண்டால்

ஒரே புதிரில் ஐந்து நிமிடம் ஆகியும் நகரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். எட்டு, பத்து நிமிடம் ஆகிவிட்டால் கேம் மாஸ்டரிடம் துப்பு கேளுங்கள். கௌரவம் பார்த்துக் கேட்காமல் இருந்து, இருபதாவது நிமிடத்தில் பிள்ளை அழுது, பெரியவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் நிலைக்குப் போகாதீர்கள். துப்பு கேட்டவர்களுக்கு வாசலில் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்கும்போது “ஒண்ணும் புரியல” என்று சொன்னால் பொதுவான பதில்தான் வரும். “நாலு குப்பியையும் சீட்டில் இருக்கிற வரிசையில வெச்சோம், விளக்கு எரியல” என்று சொல்லுங்கள். வரிசை தப்பா, கருவி படிக்கவில்லையா என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். பேட்டரி தீர்ந்த கோல், ஒட்டு விட்டுப்போன சில்லு எல்லாம் நடப்பதுதான். சரியான விடையை மூன்று முறை நிதானமாகச் செய்தும் நடக்கவில்லை என்றால், கருவி வேலை செய்கிறதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கெட்டுப்போயிருந்தால் இழந்த நேரத்தைக் கூட்டித்தரச் சொல்லலாம்.

30ஆவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்க்க ஒருவரை வையுங்கள். அப்போதும் முதல் அறையிலேயே இருந்தால் இனி தாராளமாகத் துப்பு வாங்குங்கள். மந்திர அறையின் நல்ல காட்சிகளை எல்லாம் கடைசி அறையில்தான் வைத்திருப்பார்கள்.

பிள்ளை பயந்தால் சமாதானம் செய்துகொண்டே இழுத்துப் போக வேண்டாம். கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தினால் கதவைத் திறப்பார்கள். ஒரு பெரியவர் அழைத்துக்கொண்டு வெளியே போகட்டும், மற்றவர்கள் தொடரலாம். யார் அந்தப் பெரியவர் என்பதைக் காரிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

நேரம் முடிந்தும் வெளியே வரவில்லை என்றால், மிச்சப் புதிர்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஜெயித்திருந்தாலும் எந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்று பெரிய பிள்ளைகள் கேட்டால் சொல்லித்தருவார்கள். போட்டோ எடுக்கலாம், ஆனால் விடைகள் தெரியும்படி எடுத்து வாட்ஸாப்பில் போடாதீர்கள்.

கிளம்பும் முன் பிள்ளைகளின் சட்டைப் பையையும் பேன்ட் பையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். குட்டிச் சாவியோ, மினுமினுக்கும் கல்லோ, ஒரு குப்பி மூடியோ கட்டாயம் இருக்கும். அது இல்லாமல் அடுத்த ஸ்லாட் குடும்பத்தால் முதல் பெட்டியைக்கூடத் திறக்க முடியாது.